பெட்டிக்குள் வைத்த புத்தகம்

நம் வயதுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாம் படித்த காலத்தில் படிப்பைக் காதால்தான் அளந்தார்கள். பிள்ளை என்ன செய்கிறது என்று யாரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள். சத்தம் வருகிறதா என்று கேட்பார்கள். வந்தால் படிப்பு, நின்றால் சோம்பல். இப்போது போனைத் திறந்தால் மூளை எப்படிக் கற்கிறது என்று ஆளாளுக்கு வகுப்பெடுக்கிறார்கள். நானும் கேட்டுக்கொள்கிறேன், தப்பில்லை. எனக்கு அந்தச் சங்கதி ஒரு கோடை விடுமுறையில், அத்தை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களே என்ற பயத்தில் தெரியவந்தது. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

அப்போது ஆவடியில், குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பாவுக்குத் தொழிற்சாலையில் வேலை. காலையில் சங்கு ஊதினால் தெரு முழுக்க சைக்கிள்தான். அடுத்த சங்கு ஊதுவதற்குள் தெரு காலியாகி, தூங்குமூஞ்சி மரத்தடியில் நாய் வந்து படுத்துவிடும். எங்கள் வரிசையில் ஒரு வீடு தஞ்சாவூர், ஒரு வீடு சேலம், ஒரு வீடு நாகர்கோவில். நாங்கள் கோவில்பட்டிப் பக்கம். குழம்பு வாசனையை வைத்தே எது யார் வீடு என்று சொல்லிவிடலாம். ஆனால் சாயங்காலம் விளக்கேற்றியதும் எல்லா வீட்டிலிருந்தும் கிளம்புகிற இரைச்சல் ஒன்றேதான். ஒரு வீட்டில் வாய்ப்பாடு, ஒரு வீட்டில் மழை பெய்யும் விதம், ஒரு வீட்டில் மன்னர்களின் சண்டை. மறுநாள் குழாயடியில் அம்மாக்கள் அதைப் பற்றித்தான் பேசுவார்கள். "நேத்து ஒங்க பொண்ணு சத்தம் கடைசி வீடு வரைக்கும் கேட்டுச்சு" என்றால் எங்கள் அம்மா குடத்தை நிமிர்த்தி வைத்துக்கொண்டு நடப்பாள்.

அந்த வரிசையில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. எனக்குத் தனி மேஜை வேறு இருந்தது. இயந்திரங்கள் வந்து இறங்கும் பெட்டிகளின் பலகையை வாங்கிவந்து ஆளாளுக்கு ஸ்டூல், அலமாரி, கோழிக்கூண்டு என்று அடித்துக்கொள்வார்கள். அப்பா எனக்கு மேஜை அடித்தார். பலகையில் கறுப்பு மையில் ஓர் அம்புக்குறி இருந்தது. பெட்டியாக இருந்தபோது மேல்பக்கத்தைக் காட்டிய அம்பு, மேஜையானதும் அடுப்படியைக் காட்டியது. அதில் கை வைத்தால் பிசின் வாசனை ஒட்டிக்கொள்ளும். நான் அங்கே உட்கார்ந்து கத்துவேன், அப்பா முன்னறையில் படுத்துக் கேட்பார். மூச்சு வாங்க ஒரு கணம் நிறுத்தினால் போதும்.

"ஏட்டி, சத்தத்தக் காங்கலியே?"

இந்த ஒரு வாக்கியத்தைத்தான் நான் என் பள்ளிக்காலத்தில் மற்ற எதையும்விட அதிகமாகக் கேட்டிருக்கிறேன்.

இப்படிக் கத்தியவள் எட்டாம் வகுப்பில் அறிவியலில் தோற்றுப்போனேன். எனக்கே நம்ப முடியவில்லை. பாடம் எனக்குப் பாட்டு மாதிரி வரும். முதல் வரியை எடுத்தால் கடைசி வரி வரைக்கும் ஓடிவிடுவேன். பரீட்சையில் முதல் வரியைக் கேட்காமல் நடுவிலிருந்து கேட்டார்கள். நடுவில் ஏறத் தெரியாமல் பேனாவின் மூடியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்பா முதலில் திருத்தியவரைச் சந்தேகித்தார். "இம்புட்டுச் சத்தமாப் படிச்ச புள்ள எப்படிம்மா பெயிலாவும்?" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா கண்ணேறு என்று முடிவுகட்டி, உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். வீடே இருமியது.

எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரே ஒரு பாடத்தில் போனவர்களுக்கு ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் மறுபடி ஒரு பரீட்சை வைப்பார்கள். அதிலும் போனால் அதே வகுப்புதான். எங்கள் வீட்டில் அதற்கும் மேலே ஒரு முடிவு எடுத்தார்கள். கோவில்பட்டியில் அத்தைக்கு அடுத்தடுத்து இரண்டு கைக்குழந்தைகள். ஒத்தாசைக்கு ஆள் வேண்டும் என்று அவள் வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "ஜூன்லயும் போச்சுன்னா அத்த வீட்டுக்குப் போயி புள்ளையாவது தூக்கட்டும்" என்றார் அப்பா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ரேஷன் கடைக்குப் போகவேண்டும் என்பதுபோலச் சொன்னார். அன்றைக்கே பரணிலிருந்து தகரப் பெட்டியை இறக்கினார். துருவைச் சுரண்டி, பச்சை வர்ணம் அடித்து, காய்வதற்காக மேஜைக்குப் பக்கத்திலேயே வைத்தார். நான் படிக்கிற இடத்தில் பெயிண்ட் வாசனை.

இதில் பெரிய கூத்து, படிக்க என்னிடம் புத்தகம் இல்லை. கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வந்த கையோடு புத்தகங்களை அடுத்து அந்த வகுப்புக்கு வரப்போகிறவளுக்குக் கொடுத்துவிடுவது நம் வழக்கம் அல்லவா? முடிவு வரும்வரை பொறுக்கலாம் என்று எந்த வீட்டிலும் யாருக்கும் தோன்றியதில்லை. பெயிலாவோம் என்று நினைத்துக்கொண்டு யார் வைத்திருப்பார்கள்! என் புத்தகம் எதிர்வீட்டுப் பெண்ணிடம் போயிருந்தது. புதுப் புத்தகம் ஜூனில்தான் கடைக்கு வரும்.

எதிர்வீட்டுப் பெண்ணின் அம்மாவோ, மகளுக்கு விடுமுறையிலேயே அடுத்த வருஷப் பாடத்தை முடித்துவிடவேண்டும் என்று கங்கணம் கட்டிக்கொண்டவர். நான் போய்க் கேட்டபோது நெடுநேரம் யோசித்தார். "மத்தியானம் அவ தூங்கறப்ப எடுத்துக்கோ. பொழுது சாயறதுக்குள்ள கொண்டாந்துடணும். தெனம் தெனம் வராதே" என்றார். எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அவர் முகத்தைப் பார்த்து, கொஞ்சம் சுமுகமாக இருக்கும் நாளில் போவேன்.

ஆக, ஒரு மத்தியானம் புத்தகம் இருக்கும். பிறகு சில நாள் இருக்காது. புத்தகம் இல்லாத நாளில் வெறும் மேஜையின் முன்னால் உட்கார்ந்து என்ன செய்வது? படித்தது ஞாபகம் இருக்கிறதா என்று பார்ப்பேன். பெரும்பாலும் இருக்காது. கொஞ்சம் தேடினால் ஒரு முனை அகப்படும். அதைப் பிடித்து இழுத்தால் இன்னொன்று வரும். ஓர் இடத்தில் அறுந்துபோகும். அறுந்த இடம் எது என்பது மட்டும் நன்றாக மனதில் நிற்கும். அடுத்த முறை எதிர்வீட்டு அம்மா முகம் சுமுகமானதும் ஓடிப்போய் முதலில் அந்த இடத்தைத்தான் திறப்பேன். இதற்குப் பெயரெல்லாம் வைத்திருக்கிறார்களாம் இப்போது. எனக்கு அப்போது தெரிந்ததெல்லாம், தலை வலிக்கிறது, படிப்பு ஆமை வேகத்தில் போகிறது, பெட்டியில் பெயிண்ட் காய்ந்துவிட்டது என்பதுதான்.

காலையில் பருத்திப்பட்டிலிருந்து ஒரு பால்காரம்மா வருவார். அங்கே ஏரிப்பக்கம் அவர்களுக்குக் கொஞ்சம் நிலமும் மாடுகளும் இருந்தன. எதையும் எளிதில் ஒப்புக்கொள்ளமாட்டார். பாலில் தண்ணீர் என்று அம்மா சொன்னால், "ஏன், உங்க ஊட்டு சொம்புல ஈரம் இருந்திருக்கும்" என்பார். ஒருநாள் நான் வாசல்படியில் கண்ணை மூடிக்கொண்டு பாடத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது வந்து நின்றார்.

"இன்னா பாப்பா, கண்ண மூடிகினு முணுமுணுத்துனு கீற? சாமி கீமி வந்துட்ச்சா?"

பாடம் என்றேன். இன்னா பாடம் என்றார். செடிகொடிகள் வெயிலைக் கொண்டு தமக்கு வேண்டிய உணவைத் தாமே தயாரித்துக்கொள்ளும் என்று சொன்னேன்.

"வெய்யில்லயே சோறு ஆக்கிக்கிதா? அப்ப நான் ஏன் எருவு சொமந்துகினு போயி கொட்றேன்? வேல இல்லாமயா?"

நான் கத்திய பாடத்தில் எரு என்ற வரி எங்கேயும் இல்லை. கையில் புத்தகமும் இல்லை. அடுத்த சில நாட்கள் அந்தக் கேள்வி என்னைப் படுத்திய பாடு சொல்லி முடியாது. புத்தகம் கிடைத்ததும் நின்றுகொண்டே புரட்டினேன். மண்ணிலிருந்து உப்புகளை வேர் உறிஞ்சும் என்று பக்கத்தின் கீழே எழுதியிருந்தது. நான் தொண்டை கிழியக் கத்திய அதே பக்கம். என் வாய் அதன் மேலே எத்தனையோ தடவை நடந்துபோயிருக்கிறது, நான்தான் பார்த்ததில்லை. மறுநாள் பால்காரம்மாவிடம் சொன்னேன். "உப்பா? உப்பக் கொட்னா செடி செத்துப்பூடும், போ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அது சமையல் உப்பு இல்லை என்று நான் அவர் முதுகைப் பார்த்துக் கத்தினேன். அந்தப் பாடம் எனக்கு அன்றோடு முடிந்தது. வேர் உறிஞ்சும் உப்பு இன்றைக்கும் மறக்கவில்லை.

அப்பாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? அவர் காதுக்கு எட்டியதெல்லாம் நிசப்தம்தான். மகள் புத்தகம் இல்லாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள், தனக்குத்தானே பேசுகிறாள். அம்மாவிடம் ரகசியமாக, "அவ மனசு ஒடிஞ்சு போச்சோ?" என்று கேட்டதைக் கேட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி மூர் மார்க்கெட்டுக்குப் போனார். வெயிலில் கடைகடையாக ஏறி இறங்கி, மாலையில் சட்டை முதுகில் ஒட்டத் திரும்பி வந்தார். கையில் எட்டாம் வகுப்பு அறிவியல். யாரோ ஒரு பையனின் பெயர் எழுதி அடித்திருந்தது. அட்டை ஓரத்தில் கரையான் லேசாக ருசி பார்த்திருந்தது.

"இந்தா. இனி எவ வீட்டு வாசல்லயும் போயி நிக்க வேண்டாம்" என்றார்.

நான் அழுதுவிட்டேன். அப்பா எனக்காக அவ்வளவு தூரம் அலைந்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் முதல் பழைய குருடி கதவைத் திறடி என்று ஆயிற்று. விடிந்ததிலிருந்து கத்தல். அப்பா வேலைக்குப் போனால் கேட்கிற பொறுப்பு அம்மாவுக்கு. பக்கம் பக்கமாக ஓடினேன். எல்லாம் தெரிந்ததுபோலவே இருந்தது. சுகமாக இருந்தது, அதையும் சொல்லவேண்டும். தலைவலி போய்விட்டது. தெரிகிறது தெரிகிறது என்று மனம் குதித்தது.

சில நாள் கழித்துப் பால்காரம்மா வம்புக்கு இழுத்தார். "பாப்பா, மாடு தின்னத மறுபடி வாய்க்குக் கொண்ணாந்து மெல்லுதே, அது இன்னாத்துக்கு? உங்க பொஸ்தவத்துல கீதா?"

இருந்தது. முந்தின நாள்தான் கத்தியிருந்தேன். வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. உள்ளே போய்ப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

"இன்னாடா இது! பொஸ்தவம் வந்துச்சு, பாப்பாவுக்கு வாய் பூட்ச்சு!" என்று சிரித்துக்கொண்டே அளந்து ஊற்றிவிட்டுப் போனார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பள்ளி திறக்க அதிக நாள் இல்லை. கோவில்பட்டியில் அத்தை எனக்காக ஒரு பாயும் தலையணையும் தயார் செய்துவிட்டாள் என்று கடிதம் வேறு வந்திருந்தது. புத்தகம் கண்ணெதிரே கிடந்தால் கை தானாகத் திறக்கிறது. அதனால் காலையில் கொஞ்சம் படித்துவிட்டு, அதைத் தகரப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். சாவியை அம்மாவிடம் கொடுத்து, சாயங்காலம் நான் கேட்டால் மட்டும் தரச் சொன்னேன். அம்மா ஏன் என்று கேட்கவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டாள். அம்மாவிடம் அதுவரை யாரும் எதையும் பூட்டி வைத்துக்கொள்ளச் சொன்னதில்லை என்று நினைக்கிறேன்.

சத்தத்துக்கு என்ன செய்வது? புத்தகம் இல்லாமலே சத்தமாகச் சொன்னேன். அப்படிச் சொல்லும்போது ஓட முடியாது. நாலு வரி வரும், நிற்கும், தேடுவேன், அரை வரி வரும். அந்தத் தேடல்தான் படிப்பு என்று முன்னறைக்கு எப்படிக் கேட்கும்?

"ஏட்டி, என்ன, வண்டி நின்னு நின்னு போவுது?" என்று கேட்டுக்கொண்டே ஒருநாள் அப்பா எழுந்து வந்தார். மேஜை காலி.

"பொஸ்தகம் எங்க?"

"பெட்டியில."

அப்பா பெட்டியைப் பார்த்தார். பூட்டைப் பார்த்தார். அவர் முகம் போன போக்கு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அடி விழும் என்று நான் தோளைக் குறுக்கிக்கொண்டேன். அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"போவணும்னு முடிவே பண்ணிட்டியாட்டி? பெட்டியக்கூட அடுக்கிட்டியா?"

அவர் அப்படி நினைப்பார் என்று நான் கனவிலும் எண்ணவில்லை. "ஒன்ன அனுப்பிட்டு நான் இங்க யாரு சத்தத்தக் கேட்டுக்கிட்டுக் கெடப்பேன்?" என்றார். குரல் உடைந்திருந்தது. என்னை அனுப்புவதாகச் சொன்னவரும் இவர்தான். கூப்பிடும் தங்கைக்கு இல்லையென்று சொல்ல முடியாதவரும் இவர்தான். அந்த வயதில் எனக்கு முதல் பாதிதான் தெரிந்திருந்தது.

அடுப்படியிலிருந்து அம்மா வந்தாள். முடிச்சை அவிழ்த்துப் பெட்டியைத் திறந்து, புத்தகத்தை எடுத்து அப்பாவின் கையில் கொடுத்தாள். "நீங்களே வச்சிக்கிட்டுக் கேளுங்க. அவ சொல்லுவா" என்றாள்.

அப்பா ஒரு பக்கத்தைத் திறந்து கேட்டார். நான் ஆரம்பித்தேன். பாதியில் நின்றது. நின்ற மறுநொடி அப்பா அடுத்த வார்த்தையைச் சொல்லிவிட்டார்.

"நீங்க ஏன் எடுத்துக் குடுக்கீக?" என்றாள் அம்மா. "அவளே தேடட்டும்."

"தேடிக்கிட்டே நின்னா பரீட்ச முடிஞ்சிருமே!"

"பரீட்சையில நீங்க பக்கத்துல இருப்பீகளா?"

அப்பா வேறொரு பக்கத்தைப் புரட்டினார். அடுத்த கேள்வியில் மறுபடி நின்றேன். அவர் கீழுதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டார். வார்த்தை அவர் வாய்க்குள் துடிப்பது எனக்கே தெரிந்தது. தெருவில் ஐஸ்காரர் மணியடித்துக்கொண்டு போனார். சேலத்து வீட்டில் எதையோ தாளித்தார்கள். எனக்கு வரவில்லை, வரவில்லை, பிறகு வந்தது. சொன்னேன். அப்பா புத்தகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரிதான்" என்றார். இவ்வளவு நேரம் மூச்சே விடாதவர்போல ஒரு மூச்சு விட்டார்.

ஜூனில் தேறினேன். பெட்டி பரணுக்குப் போனது. அத்தைக்கு ஆத்தாமைதான், பிறகு வேறொரு சொந்தக்காரப் பெண் கிடைத்தாள். அந்தப் பெண் படித்தாளா என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. இப்போது நினைத்தால் சங்கடமாக இருக்கிறது.

அப்பா ஊரெல்லாம் என்ன சொன்னார் தெரியுமா? "மூர் மார்க்கெட்லருந்து பொஸ்தகம் வாங்கிட்டு வந்து குடுத்தேன், விடியக்காலம் எந்திரிச்சு சத்தமாப் படிச்சா, பாஸாயிட்டா." நான் மேலே படித்து, வேலைக்குப் போய், ஓய்வும் பெற்றுவிட்டேன். அவர் கதையில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. என் பிள்ளைகள் போனைப் பார்த்து வாயசைக்காமல் படித்தபோதும், "சத்தத்தக் காங்கலியே" என்று அடுத்த அறையிலிருந்து கேட்டவர் அவர். மறுப்பதில் என்ன இருக்கிறது? அம்மாவும் மறுத்ததில்லை. என்னைப் பார்த்து ஒரு பார்வை பார்ப்பாள், அவ்வளவுதான். அம்மா போய்ச் சில வருஷங்களாகின்றன.

போன வருஷம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. கை கால் ஓரளவு திரும்பிவிட்டது. சொற்கள் திரும்பவில்லை. தான் ஓய்வுபெற்றதும் பருத்திப்பட்டில் வாங்கிய வீட்டில் கட்டிலில் உட்கார்ந்து எதையாவது காட்டுவார். என் தம்பி பதறிப்போய், "டம்ளராப்பா? டம்ளர்! சொல்லுங்க, டம்ளர்!" என்று காதருகே கத்துவான். பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிற பெண் அவனைத் தடுத்தார். "நீங்க சொல்லிட்டா அவரு தேடமாட்டாரு சார். காட்டிட்டு சும்மா இருங்க. அவருக்கு டைம் குடுங்க" என்றார். தம்பியால் முடியவில்லை, எழுந்து வெளியே போய்விட்டான்.

அந்தத் தகரப் பெட்டி இப்போது அப்பாவின் கட்டிலுக்குக் கீழே இருக்கிறது. பழைய போர்வைகள் வைத்திருக்கிறோம். ஒருநாள் காலையில் அதை வெளியே இழுத்து, அவர் எதிரே வைத்து, விரலால் காட்டிவிட்டு உட்கார்ந்தேன். அப்பா பார்த்தார். உதடு கூடியது, பிரிந்தது. சொல் எனக்குத் தொண்டை வரை வந்தது. மூன்றே எழுத்து, சொல்லித் தொலைத்தால் அவர் படும் பாடு தீரும். கீழுதட்டைக் கடித்துக்கொண்டேன். நேரம் போய்க்கொண்டே இருந்தது. அவர் பெட்டியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏட்டி" என்றார். "சத்தத்தக் காங்கலியே?"

குழறல் இல்லை. பழைய குரல், முன்னறையிலிருந்து வருகிற அதே குரல். டம்ளரும் பெட்டியும் என் பெயரும் போன இடத்துக்கு இது மட்டும் போகவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. வேறென்ன செய்ய? நிமிர்ந்து உட்கார்ந்து, அடுத்த வீடு வரை கேட்கும்படி ஆரம்பித்தேன். செடிகொடிகள் வெயிலைக் கொண்டு தமக்கு வேண்டிய உணவைத் தாமே தயாரிக்கும், மண்ணிலிருந்து வேர் உப்புகளை உறிஞ்சும், அவை தண்டின் வழியாக...

அங்கே நின்றுவிட்டது. எத்தனை வருஷமாயிற்று! தேடினேன், கிடைக்கவில்லை. எடுத்துக் கொடுக்க அப்பாவிடமும் சொல் இல்லை. ஆனால் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. ஒரு பக்கம் கோணிப்போன அந்த உதட்டைப் பல்லால் மெல்லக் கடித்துக்கொண்டு, நான் சொல்வதற்காகக் காத்திருந்தார்.